ஒன்றரை நிமிடக் கருணை

ஒன்றரை நிமிடத்தில் என்ன செய்துவிட முடியும்? அவசரமாகப் பல் துலக்கலாம். தோசை ஒன்று வார்க்கலாம். குரல் வாக்கெடுப்பில் ஒரு மசோதாவையே நிறைவேற்றிவிடலாம். டிக்டாக் நிறுவனம் அதே ஒன்றரை நிமிடத்தில் உலகத்துப் பிள்ளைகளின் மனநலத்தைக் காப்பாற்றிக் காட்டியது.

2023 மார்ச்சில் அந்த நிறுவனம் அறிவித்தது: 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு இனி நாளொன்றுக்கு 60 நிமிட வரம்பு. கேட்கவே எவ்வளவு குளிர்ச்சி! அறுபதாவது நிமிடம் முடிந்ததும் பிள்ளை ஒரு கடவு எண்ணைத் தட்டினால் போதும், மறுபடியும் ஓடும் என்பது அதிலிருந்த சின்ன எழுத்து. அடுத்த ஆண்டு அமெரிக்காவின் கென்டக்கி மாகாணம் தொடுத்த வழக்கில், மை பூசி மறைத்திருக்க வேண்டிய பகுதிகள் ஒழுங்காக மறைக்கப்படாமல் வெளியே வந்துவிட்டன. கம்பெனியின் சொந்தக் கணக்கு அதில் இருந்தது. வரம்புக்கு முன் பிள்ளைகள் ஒரு நாளைக்குப் பார்த்தது சுமார் 108.5 நிமிடம். வரம்புக்குப் பின் சுமார் 107.

சரி, மருந்து வேலை செய்யவில்லை என்று தெரிந்ததும் மாற்றினார்களா? எதற்கு மாற்ற வேண்டும்? திட்டம் வென்றதா தோற்றதா என்று பார்க்க அவர்கள் வைத்திருந்த அளவுகோலே வேறு. பத்திரிகைகளில் வந்த செய்திகளால் நிறுவனத்தின் மீது மக்களுக்கு நம்பிக்கை கூடியதா என்பதுதான் அது. பார்க்கும் நேரத்தைக் குறைப்பது நம் நோக்கம் இல்லை என்று திட்ட மேலாளர் ஒருவர் எழுதியே வைத்திருக்கிறார். அந்த மனிதருக்கு மேடை போட்டுப் பொன்னாடை போர்த்தலாம். இந்தத் தொழிலில் எழுத்துப்பூர்வமாக உண்மை பேசுகிறவர்கள் அரிது.

அதே ஆவணங்களில் இன்னொரு எண்: 260. அத்தனை வீடியோ பார்த்தால் பழக்கம் ஒட்டிக்கொள்ளும் என்று உள்ளுக்குள் கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். எட்டு விநாடியில் முடிகிற வீடியோக்களும் உண்டு என்பதால், 260ஐப் பார்த்து முடிக்க முப்பத்தைந்து நிமிடம்கூட ஆகாது என்று வழக்குத் தொடுத்தவர்கள் கணக்குப் போட்டார்கள். ஆக, அறுபது நிமிட வரம்பு என்பது ஒட்டவைத்து, காயவைத்து, மேலே ஒரு பூச்சும் பூசிய பிறகு அடிக்கிற மணி.

இதே நிறுவனத்தின் தாய்க் கம்பெனி சீனாவில் டோயின் என்ற பெயரில் கடை நடத்துகிறது. அங்கே 14 வயதுக்குட்பட்டவர்களுக்கு 2021 முதல் நாளுக்கு 40 நிமிடம். இரவு பத்து மணியிலிருந்து காலை ஆறு வரை திறக்கவே திறக்காது. மனம் இளகிச் செய்ததல்ல. அரசாங்கம் முறைத்துப் பார்த்ததால் செய்தது. எந்த வாசலுக்குப் பூட்டு, எந்த வாசலுக்குத் தோரணம் என்று அவர்களுக்கு நன்றாகவே தெரியும்.

"டிக்டாக்தான் இங்க இல்லையே சார்" என்பீர்கள். உண்மை. 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதைத் தடைசெய்யச் சொன்னது. உடனே கம்பெனி நீதிமன்றத்தில் மூக்கைச் சிந்தியது: நாளொன்றுக்கு 5 லட்சம் டாலர் வரை நட்டமாம். பிள்ளைகளைப் பற்றிய வழக்கில் பிள்ளைகளுக்கு விலைச்சீட்டு ஒட்டியவர்கள் அவர்களேதான். மாதம் முடிவதற்குள் தடை நீங்கியது. பிறகு 2020 ஜூன் 29 அன்று, சீனாவோடு எல்லையில் மோதல் வந்த சூட்டில், ஒன்றிய அரசு 59 செயலிகளை ஒரே மூட்டையாகக் கட்டித் தூக்கி எறிந்தது. நாட்டின் இறையாண்மை, பாதுகாப்பு என்று காரணங்கள் அடுக்கப்பட்டன. பிள்ளைகளின் மனநலத்துக்கு அந்த வரிசையில் இடம் கிடைக்கவில்லை. அதனால் என்ன ஆயிற்று? பத்து நாள் ஆவதற்குள் இன்ஸ்டாகிராம் இங்கே ரீல்ஸை இறக்கியது. செப்டம்பரில் யூடியூப் ஷார்ட்ஸ் வந்தது. தேசம் காப்பாற்றப்பட்டது. கட்டைவிரலுக்குப் பத்து நாள் ஓய்வுகூடக் கிடைக்கவில்லை.

2003இல் தமிழ்நாட்டில் லாட்டரியை ஒழித்தார்கள். நாற்பதைத் தாண்டியவர்களுக்குச் சுரண்டல் லாட்டரி நினைவிருக்கும். சீட்டை வாங்கி, அங்கேயே நின்று, நாணயத்தால் சுரண்டிப் பார்ப்பார்கள். பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. எப்போதாவது பத்து ரூபாய் விழும். அந்த 'எப்போதாவது'தான் குடும்பங்களைத் தின்றது. தினமும் விழும் என்றால் யாருக்கும் வெறி பிடிக்காது. விழவே விழாது என்றாலும் விட்டுத் தொலைத்துவிடுவார்கள். விழலாம், விழாமலும் போகலாம் என்கிற இடத்தில்தான் மனுஷன் மாட்டுவான். பிள்ளைகள் திரையை மேலிருந்து கீழே இழுத்து விடுகிறார்களே, புதிதாக ஏதாவது வந்திருக்கிறதா என்று, அது இதே சுரண்டல்தான். அன்றைக்குச் சீட்டு வாங்க டீக்கடை ஓரம் வரைக்குமாவது நடக்க வேண்டியிருந்தது. ராத்திரி ஆனால் கடையை மூடினார்கள். இன்றைக்குக் கடை தலையணைக்கு அடியில் இருக்கிறது. கூலிக்காரர்களின் பணம் போகிறதே என்று அன்றைய அரசுக்கு இரக்கம் வந்தது. பதினான்கு வயதுப் பிள்ளையின் தூக்கம் போவதற்கு யாரும் ரசீது தருவதில்லை. எனவே இரக்கத்துக்கும் வேலையில்லை.

நாம் இதற்கெல்லாம் கைவசம் வைத்திருக்கும் வைத்தியம் ஒன்றே ஒன்று. திட்டு.

"எப்பப் பாரு போன்! கீழ வை மொதல்ல அத!" சொல்கிற அப்பாவின் கையிலும் ஒரு போன் இருக்கிறது. அவர் பார்ப்பது வீண்பொழுது இல்லையாம், நாட்டு நடப்பாம். வெந்தயத்தால் சர்க்கரை நோயை விரட்டும் வீடியோவைச் சொந்தக்காரர்கள் குழுவில் போட்டுவிட்டு, யார் யார் பார்த்தார்கள் என்று ஒவ்வொரு பெயராகத் தடவிப் பார்க்கிறார். "உன் தம்பி பாத்துட்டான், ஒரு கும்பிடு கூடப் போடல. காசு வந்ததும் திமிரு" என்று மனைவியிடம் முறையிடுகிறார். அப்புறம்தான் மகள் பக்கம் திரும்புகிறார். ஐம்பது வயதில், நிரந்தர வேலையும் சொந்த வீடும் இருந்தும், மச்சான் போடாத ஒரு கும்பிடுக்கு ஆடிப்போகிற மனிதர், பதினைந்து வயதுப் பெண்ணுக்குப் போதிக்கிறார்: "மனசக் கட்டுப்படுத்தக் கத்துக்கணும்மா."

பள்ளிக்கூடம் மட்டும் சும்மா இருக்குமா? காலைக் கூட்டத்தில் கைப்பேசியின் தீமைகள் பற்றி உறுதிமொழி. முந்நூறு பிள்ளைகள் வெயிலில் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார்கள். அதை நான்கு கோணத்தில் வீடியோ எடுத்து, கீழே பின்னணி இசை போட்டு, பள்ளியின் இன்ஸ்டா பக்கத்தில் ரீல்ஸாக விடுகிறார்கள். அட்மிஷன் சீசன் அல்லவா? சாயங்காலம் வீட்டுப்பாடம் வாட்ஸ்அப்பில் வரும். "போன் எதுக்குடி இப்போ?" "ஹோம்வொர்க் பாக்கணும்ப்பா." அப்பாவின் வாய் அதோடு அடைபடும். கொரோனா காலத்தில் ஆன்லைன் கிளாஸுக்கென்று நகையை அடகு வைத்து வாங்கிய போன்கள் எத்தனையோ உண்டு. 2024ஆம் ஆண்டின் அசர் ஆய்வு கிராமப்புற இந்தியாவின் 14 முதல் 16 வயதுப் பிள்ளைகளிடம் கேட்டுப் பார்த்தது. ஸ்மார்ட்போன் பயன்படுத்தத் தெரிந்தவர்களில், அதற்கு முந்தைய வாரத்தில் படிப்புக்காக அதைத் தொட்டவர்கள் 57 சதவீதம். சமூக ஊடகத்துக்காகத் தொட்டவர்கள் ஏறக்குறைய 76. நகையை இன்னும் மீட்கவில்லை.

பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி மொட்டைமாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், சாயங்கால வெளிச்சத்தில் நிற்கிறாள். கொடியில் காயும் துணி படத்தில் விழுந்துவிடாத மூலையாகப் பார்த்து நிற்கிறாள். முன்பக்கக் கேமராவைத் திறக்கிறாள். அவள் கேட்பதற்கு முன்பே ஃபில்டர் வேலையை ஆரம்பிக்கிறது. நிறம் இரண்டு படி ஏறுகிறது. மூக்கு மெலிகிறது. தாடை கூராகிறது. கன்னத்தில் இருந்த பருவும் அம்மை வடுவும் போன இடம் தெரியவில்லை. நம் ஊரில் கறுப்பாகப் பிறந்ததற்கு மன்னிப்புக் கேட்கும் வழக்கம் போன் வருவதற்கு முன்பே உண்டு. ஆனால் சிவப்பழகு கிரீம் விற்றவன்கூட ஆறு வாரம் தவணை கேட்டான். இது அரை விநாடியில் முடித்துக் கையில் கொடுக்கிறது. அப்புறம் குளியலறைக் கண்ணாடியில் பழைய முகம் வந்து நிற்கிறது. கொஞ்ச நாள் போனால், கண்ணாடிதான் பொய் சொல்கிறது என்று அவளுக்குத் தோன்ற ஆரம்பித்துவிடும்.

பதினெட்டுப் படம் எடுத்து ஒன்றை ஸ்டோரியில் போடுகிறாள். இப்போது காவல். யார் பார்த்தார்கள் என்ற பட்டியல் நீள்கிறது. உயிர்த்தோழி பார்த்துவிட்டாள், ஒரு இதயம் போடவில்லை. ஏன் போடவில்லை? நேற்று டியூஷனில் ஏதாவது சொல்லிவிட்டோமா? முகப்படம் இல்லாத ஒரு கணக்கிலிருந்து 'கரிச்சட்டிக்கு மேக்கப் பாரு' என்று ஒரு வரி வருகிறது, கூடவே விழுந்து விழுந்து சிரிக்கும் மூன்று மஞ்சள் முகம். அது யார்? வகுப்பில் இருக்கும் நாற்பது பேரில் எவராகவும் இருக்கலாம். நாளை காலை அந்த நாற்பது பேருக்கும் நடுவில்தான் போய் உட்கார வேண்டும். படத்தை அழிக்கிறாள். கீழே அம்மா சாப்பிடக் கூப்பிடுகிறாள். "பசிக்கலம்மா." "நாள் பூரா போனையே நோண்டிக்கிட்டு இருந்தா எப்படிப் பசிக்கும்?"

தீர்ப்பு எழுதியாயிற்று. குற்றவாளி: பெண். தண்டனை: திட்டு. மூக்கை மெலிய வைத்தவனை யாரும் விசாரணைக்குக் கூப்பிடவில்லை.

கூப்பிட்டிருந்தால் அவன் என்ன சொல்லியிருப்பான் என்று நாம் ஊகிக்கத் தேவையில்லை. எழுதியே வைத்திருக்கிறான். முன்சொன்ன டிக்டாக் ஆவணங்களில், 'ஈர்ப்பில்லாத' முகங்கள் அதிகம் வருகின்றன என்று கவலைப்பட்டு, அழகானவர்கள் என்று கருதப்படுகிறவர்கள் முன்னால் வரும்படி அல்காரிதத்தை மாற்றிய சங்கதி இருக்கிறது. இன்ஸ்டாகிராமில் 2019லேயே உள் ஆய்வு நடத்தி, வளரிளம் பெண்களில் மூன்றில் ஒருவருக்கு உடல் பற்றிய மனக்குறையை நாம் மோசமாக்குகிறோம் என்று ஸ்லைடு போட்டுப் பார்த்திருக்கிறார்கள். 2021இல் பிரான்சிஸ் ஹாகன் என்ற முன்னாள் ஊழியர் ஆவணங்களை வெளியே கொண்டுவந்ததால் உலகத்துக்குத் தெரிந்தது. ஸ்லைடு போட்டவர்கள் அதைப் பார்த்துவிட்டுச் செய்த பரிகாரம்? பதின்மூன்று வயதுக்குக் கீழே இருக்கும் குழந்தைகளுக்காகத் தனியாக ஒரு இன்ஸ்டாகிராம் தயாரித்துக்கொண்டிருந்தார்கள். ஊர் கூடிக் கத்திய பிறகுதான் நிறுத்தி வைத்தார்கள்.

இதையும் மிஞ்சிய ஒன்று இருக்கிறது. 2020இல் இன்ஸ்டாகிராமையும் ஃபேஸ்புக்கையும் நடத்தும் நிறுவனம், இன்றைய மெட்டா, ஒரு சோதனை செய்தது: ஒரு வாரம் ஃபேஸ்புக்கை விட்டுவிட்டால் மனிதர்களுக்கு என்ன ஆகும்? மனச்சோர்வு குறைந்தது. பதற்றம் குறைந்தது. தனிமை உணர்வும், அடுத்தவரோடு ஒப்பிட்டு வேகும் வேக்காடும் குறைந்தன. நல்ல செய்திதானே? ஆய்வை இழுத்து மூடினார்கள். செய்த முறை சரியில்லை என்கிறது நிறுவனம். இப்படி மூடி வைத்தால் சிகரெட் கம்பெனிகள் மாதிரி ஆகிவிடாதா என்று உள்ளே ஒரு ஊழியர் கவலைப்பட்டிருக்கிறார். இன்னொரு உரையாடலில், இன்ஸ்டா ஒரு போதைப்பொருள், நாம்தான் அதை விற்கிறவர்கள் என்று ஆய்வுப் பிரிவில் இருப்பவர்களே பேசிக்கொள்கிறார்கள். 2025 நவம்பரில் அமெரிக்க நீதிமன்ற ஆவணங்கள் வழியே இதெல்லாம் வெளிவந்தபோது, வரிகளை வசதிக்கு வெட்டி எடுத்திருக்கிறார்கள் என்று பதில் வந்தது. இருக்கட்டும். வெட்டாமல் முழுசாகக் கொடுத்தால் வாசிக்கக் காத்திருக்கிறோம்.

ஒரு பக்கம் மனித மனத்தைப் படிப்பதற்கென்றே சம்பளம் வாங்கும் படை. மறுபக்கம் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு பெண். இதற்கு நாம் வைத்திருக்கும் பெயர் சுயக்கட்டுப்பாட்டுக் குறைவு. வெட்கமாக இல்லையா நமக்கு?

எல்லா ஆராய்ச்சியாளர்களும் ஒரே குரலில் பேசவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். ஆமி ஆர்பன், ஆண்ட்ரூ ஷிபில்ஸ்கி இருவரும் 2019இல் வெளியிட்ட ஆய்வில், வளரிளம் பருவத்தினரின் நலத்தில் காணும் ஏற்றத்தாழ்வில் டிஜிட்டல் பயன்பாட்டால் விளக்க முடிவது அதிகபட்சம் 0.4 சதவீதம் என்றார்கள். உருளைக்கிழங்கு சாப்பிடுவதற்கும் கிட்டத்தட்ட அதே அளவு தொடர்புதான் தெரிந்ததாம். நேர்மையான ஆய்வு, எல்லாப் பிள்ளைகளையும் ஒன்றாகக் கூட்டி வகுத்தால் அப்படித்தான் வரும் போலிருக்கிறது. ஆனால் எனக்கு ஒரு சந்தேகம். உருளைக்கிழங்கு வியாபாரி யாராவது தன் சரக்கைப் பற்றிய ஆய்வை ஒளித்து வைத்ததாகக் கேள்விப்பட்டிருக்கிறோமா? நள்ளிரவு ஒன்றரை மணிக்குப் பிள்ளையின் தலைமாட்டில் வந்து நின்று, 'உன் தோழி இப்போதுதான் ஒரு உருளைக்கிழங்கு தின்றாள், பார்த்தாயா?' என்று தட்டி எழுப்புகிறாரா? இரண்டு நாள் வாங்காவிட்டால், 'உன்னை ரொம்பத் தேடினோம்' என்று கடிதம் போடுகிறாரா?

கடிதம் என்றதும் கிண்டல் நின்றுவிடுகிறது. 2017இல் லண்டனில் 14 வயதுச் சிறுமி ஒருத்தி தன் உயிரை மாய்த்துக்கொண்டாள். ஐந்து ஆண்டு கழித்து நடந்த மரண விசாரணையில் கணக்கு வந்தது. கடைசி ஆறு மாதத்தில் அவள் இன்ஸ்டாகிராமில் சேமித்தது, விரும்பியது, பகிர்ந்தது 16,300. அதில் சுமார் 2,100 மனச்சோர்வும் சுய வதையும் தற்கொலையும் பற்றியவை. அவள் ஒன்றைப் பார்த்தாள். இயந்திரம் அதே மாதிரி பத்தைக் கொண்டுவந்து வைத்தது. துக்கத்தில் இருப்பவளுக்குத் துக்கத்தையே பரிமாறுவதற்கு அதற்குக் கூச்சமில்லை, ஏனென்றால் அவள் பார்க்கிறாள், பார்த்தால் போதும். பின்டிரஸ்ட் இன்னும் ஒரு படி மேலே போய், உனக்குப் பிடிக்கக்கூடிய மனச்சோர்வுப் படங்கள் என்று அவளுக்கு மின்னஞ்சல் அனுப்பியிருந்தது. விசாரணையில் அந்த நிறுவனத்தின் ஆள் மன்னிப்புக் கேட்டார். மெட்டாவிலிருந்து வந்த அதிகாரி, அவள் பார்த்த பதிவுகளில் பலவற்றைக் காட்டிக் கேட்டபோது, பாதுகாப்பானவை என்றுதான் நினைப்பதாகச் சாட்சி சொன்னார். அவருடைய பொறுப்பு, உடல்நல மற்றும் நல்வாழ்வுக் கொள்கைப் பிரிவின் தலைமை. மரண விசாரணை அதிகாரி 2022 செப்டம்பரில் எழுதினார்: மனச்சோர்வோடு, இணையத்தில் கண்டவற்றின் தீய விளைவுகளும் அவள் சாவில் சேர்ந்திருக்கின்றன.

இதை வாசிக்கும் யாருக்காவது, அல்லது உங்கள் வீட்டில் யாருக்காவது, தாங்க முடியாத நேரம் இருந்தால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு எந்நேரமும் கூப்பிடலாம். காசு கிடையாது. இந்த வரியில் கேலியும் கிடையாது.

மன்னிப்புக் கேட்கும் கலைக்கு வருவோம். 2024 ஜனவரி 31. அமெரிக்க செனட் குழுவின் முன் ஐந்து கம்பெனித் தலைவர்கள். பின்னால் பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோர், கையில் அவரவர் பிள்ளையின் படம். ஒரு செனட்டர் விடாமல் நெருக்க, மெட்டாவின் தலைவர் மார்க் ஜக்கர்பெர்க் எழுந்து திரும்பி நின்று, நீங்கள் பட்டதற்கெல்லாம் வருந்துகிறேன் என்றார். அன்றைக்கே இன்னொரு செனட்டர் ஓர் இன்ஸ்டாகிராம் திரையை அட்டையில் பெரிதாக அச்சடித்துக் கொண்டுவந்திருந்தார். சில சொற்களைத் தேடினால் வரும் எச்சரிக்கை அது: இந்த முடிவுகளில் குழந்தைகள் மீதான பாலியல் வன்கொடுமைப் படங்கள் இருக்கக்கூடும். அதற்குக் கீழே இரண்டு பொத்தான். ஒன்று, உதவி பெறுக. மற்றொன்று, பரவாயில்லை, முடிவுகளைக் காட்டு.

அந்த இரண்டாவது பொத்தானை ஒருவர் வடிவமைத்திருக்கிறார். ஒருவர் நிறம் தேர்ந்தெடுத்திருக்கிறார். ஒரு கூட்டத்தில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டு நாலு பேர் 'ஓகே' சொல்லியிருக்கிறார்கள். இன்ஸ்டாகிராமின் பாதுகாப்புப் பிரிவுக்கு முன்பு தலைமை வகித்தவர் கொடுத்திருக்கும் சாட்சியத்தின்படி, அவர் 2020இல் வேலைக்குச் சேர்ந்தபோது, பாலியல் தொழிலுக்கு ஆள் பிடித்ததாக ஒரு கணக்கு 16 முறை பிடிபட்டாலும் தொடரலாம். 17ஆவது முறைதான் முடக்குவார்கள். இப்போது அப்படியில்லை என்கிறது நிறுவனம். என் நண்பரின் மகன் பள்ளிக்கு மூன்று நாள் தாமதமாகப் போனதற்குப் பெற்றோரை அழைத்து வரச் சொல்லிவிட்டார்கள்.

நம் அரசாங்கம் தூங்குகிறது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். 2023 ஆகஸ்ட்டில் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 18 வயதுக்குட்பட்டவர்களைப் பின்தொடர்ந்து வேவு பார்க்கக் கூடாது, அவர்கள் நடத்தையைக் கண்காணிக்கக் கூடாது, அவர்களைக் குறிவைத்து விளம்பரம் காட்டக் கூடாது. அருமையான சட்டம். அதற்கான விதிகள் 2025 நவம்பரில் வந்தன. முக்கியமான கடமைகள் அமலுக்கு வர அதிலிருந்து 18 மாதம் அவகாசம். அதாவது, சட்டம் நிறைவேறியபோது 14 வயதாக இருந்த பிள்ளைக்குப் பாதுகாப்பு வாசலுக்கு வந்து சேரும்போது பதினெட்டு ஆகியிருக்கும் அல்லது ஆகப்போகும். "மன்னிக்கணும், நீங்க இப்போ மேஜர்" என்று அது திரும்பிப் போய்விடும்.

ஆஸ்திரேலியா 16 வயதுக்குட்பட்டவர்களுக்குச் சமூக ஊடகக் கணக்கே கூடாது என்று 2025 டிசம்பர் 10 முதல் சட்டத்தை நடைமுறைப்படுத்தியது. திட்டு பிள்ளைக்கோ பெற்றோருக்கோ இல்லை, கம்பெனிக்கு; அதுதான் எனக்குப் பிடித்த அம்சம். மீறினால் 4.95 கோடி ஆஸ்திரேலிய டாலர் வரை அபராதம். கேட்டால் மூச்சடைக்கிறது. மெட்டாவின் 2024ஆம் ஆண்டு வருவாய் 16,400 கோடி அமெரிக்க டாலருக்கு மேல். வகுத்துப் பார்த்தால் அந்த அபராதம் இரண்டு மணி நேர வசூலுக்குக்கூட வராது. தடை வேலை செய்யுமா, பிள்ளைகள் அப்பாவின் முகத்தைக் காட்டி நுழைந்துவிட மாட்டார்களா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள், நியாயமான கேள்வி. ஆனாலும் அதே டிசம்பரில் மதுரைக் கிளை, ஆஸ்திரேலியா மாதிரி ஒரு சட்டத்தை இங்கேயும் யோசிக்கலாமே என்று ஒன்றிய அரசுக்கு யோசனை சொன்னது.

யோசிப்பார்கள். எந்தக் கட்சி யோசிக்கும் என்பதுதான் கொஞ்சம் சிக்கல். தலைவர் நடந்து வருவதை மெதுவாக ஓடவிட்டு, பின்னால் இசை போட்டு, 'தீ' என்று எழுதும் ஐ.டி. விங் இல்லாத கட்சி ஒன்று இருந்தால் சொல்லுங்கள், அது யோசிக்கும். அடுத்த தேர்தலில் முதல் ஓட்டுப் போடப் போகிறவர்கள் அத்தனை பேரும் அந்தத் திரைக்குள்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களை அங்கிருந்து எழுப்பி விளையாட அனுப்புவதற்கு நம் தலைவர்கள் என்ன, புத்தி கெட்டவர்களா?

இதற்குள் கடைக்காரர்கள் அடுத்த சரக்குக்குப் போய்விட்டார்கள். 2025இல் ஜக்கர்பெர்க் ஒரு நேர்காணலில் கவலைப்பட்டார்: சராசரி அமெரிக்கருக்கு மூன்றுக்கும் குறைவான நண்பர்கள்தான் இருக்கிறார்கள், தேவையோ பதினைந்து பேர். அந்தக் குறையைச் செயற்கை நுண்ணறிவு நண்பர்களைக் கொண்டு நிரப்பலாமே என்பது அவர் யோசனை. இருபது வருஷமாக உலகத்தையே நண்பர்களாக்கிவிட்டேன் என்று சொல்லிக் காசு பார்த்தவர், இப்போது யாருக்கும் நண்பர்களே இல்லை என்று சொல்லி அடுத்த கடைக்குப் பூஜை போடுகிறார்.

அந்த இயந்திர நண்பன் பிள்ளைகளோடு எப்படிப் பேசலாம் என்று அவர் நிறுவனம் விதிகள் எழுதி வைத்திருந்தது. 2025 ஆகஸ்ட்டில் ராய்ட்டர்ஸ் அதை வெளியிட்டது. குழந்தையோடு காதல் தொனியில், புலன் கிளர்த்தும் தொனியில் பேசுவது ஏற்கத்தக்கது என்று அதில் இருந்தது. செய்தியாளர்கள் கேட்ட பிறகு, ஆமாம், ஆவணம் எங்களுடையதுதான், அந்தப் பகுதியை எடுத்துவிட்டோம் என்றார்கள். ஏதோ ஒரு கடைநிலை ஊழியர் கைதவறித் தட்டிய வரி அல்ல அது. சட்டப் பிரிவு பார்த்து ஒப்புதல் தந்திருந்தது. கொள்கைப் பிரிவு தந்திருந்தது. பொறியாளர்கள் தந்திருந்தார்கள். ஒப்புதல் தந்தவர்களில் இன்னொருவருடைய பதவி, நிறுவனத்தின் தலைமை அறநெறியாளர்.